கார்பின் பந்து போட்ட நாளில் நான் கத்தியது: நேஷனல்ஸ் பார்க் அனுபவங்கள்

கிரீன்லைன் கார்த்தி:

ரொம்ப நாளாக உள்ளே கிடக்கிறது, கொட்டிவிடுகிறேன், நம் வாஷிங்டன் பேஸ்பால் அணி நேஷனல்ஸின் மைதானத்தில் உங்களுக்கு நேர்ந்த அனுபவத்தையும் எழுதுங்கள். 2022 கோடை. நாம் 107 ஆட்டம் தோற்ற வருடம், அதை யாருக்கும் விளக்க வேண்டாம். நம் நட்சத்திர பேட்டர் சோட்டோவை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் பந்து போடும் பிட்சர் யார் என்று பார்க்காமலே டிக்கெட் எடுத்துவிட்டேன். நேவி யார்டில் ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் போனில் பார்த்தேன். பேட்ரிக் கார்பின். அப்படியே திரும்பியிருக்கலாம்.

மூன்றாவது இன்னிங்ஸ். அவனுடைய ஸ்லைடர் தெரியுமே, கடைசி நேரத்தில் வளைந்து இறங்கும் பந்து, ஒரு காலத்தில் முட்டிக்குக் கீழே போய் மறையும், அன்றைக்கு அது கீழே இறங்கவே இல்லை. தட்டில் வைத்த லட்டு மாதிரி நடுவில் வந்து நின்றது. அடி மேல் அடி. அப்பா கிரிக்கெட் ஆள், ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "அடுத்த ஓவரை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதானே?" என்றார். வெளியே எடுத்துவிட்டால் திரும்ப உள்ளே வர முடியாதுப்பா, மீதி ஆறு இன்னிங்ஸை யார் போடுவது, புல்பென்னில் இருக்கும் மாற்றுப் பிட்சர்கள் நாளைக்கும் வேண்டுமே என்றேன். "அப்போ அடி வாங்கத்தான் நிறுத்தி வெச்சிருக்காங்களா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடுப்போ என்னவோ, அடுத்த அடி விழுந்ததும் எழுந்து நின்று, அவன் ஒப்பந்தத்தின் டாலர் கணக்கை, "140 மில்லியன்! 140 மில்லியன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முன் வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, கார்பினின் 46 போட்ட ஜெர்சி, மெதுவாகத் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை. மூன்று விரலைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மூன்றாவது இன்னிங்ஸ்தானே ஆகிறது, பொறு என்கிறார் போல என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில்தான் உறைத்தது. 2019 அக்டோபர் 30, ஹூஸ்டன், நாம் கோப்பையை வென்ற உலகத் தொடரின் 7வது ஆட்டம். நம் பிட்சர் ஷெர்சர் ஐந்து இன்னிங்ஸ் தள்ளாடி முடித்த பிறகு வந்து மூன்று இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் போட்டவன் இவன்தான். அந்த ராத்திரி என் வீட்டு ஹாலில் நான் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அந்தப் பாட்டியின் மூன்று விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வியன்னா வித்யா:

கார்த்தி தம்பி, நீங்கள் கத்தியதில் தப்பே இல்லை, ஆனால் தப்பான ஆளைப் பார்த்துக் கத்தினீர்கள். கார்பின் போய் 140 மில்லியன் கொடு என்று கழுத்தில் கத்தி வைத்தாரா? 2018 டிசம்பரில் 29 வயதுப் பிட்சருக்கு ஆறு வருட ஒப்பந்தம் நீட்டியது யார்? அடுத்த வருடமே இன்னொரு பிட்சர் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 7 வருடம், 245 மில்லியன். அதற்குப் பிறகு அவர் போட்டது எத்தனை ஆட்டம்? எட்டு. மொத்தமே எட்டு. அதே 245 மில்லியனை ஏஞ்சல்ஸ் அணி நம் பழைய பேட்டர் ரெண்டனுக்குக் கொடுத்து ஏமாந்ததும் உண்மைதான், அதனால் நம் ஆட்கள் புத்திசாலிகள் ஆகிவிட மாட்டார்கள்.

என்னுடைய வலி பழையது. 2012 அக்டோபர் 12, பிளேஆஃபில் கார்டினல்ஸுடன் 5வது ஆட்டம், தோற்றால் வெளியே. மைதானத்தில் இருந்தேன். ஆரம்பத்தில் 6-0. ஒன்பதாவது இன்னிங்ஸில் 7-5, நம் ட்ரூ ஸ்டோரன் மவுண்டில் (பிட்சர் நிற்கும் மேடு), இரண்டு அவுட். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஜெயித்தோம். ஒருதரம் இல்லை, பலதரம் அந்த ஒரு ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். என் பக்கத்து சீட்டுக்காரர் கொண்டாட்டத்தைப் பிடிக்கப் போனைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். மொலினாவுக்கு வாக் (அடிக்காமலே முதல் தளத்துக்குப் போவது), ஃப்ரீஸுக்கு வாக், அப்புறம் டெஸ்கால்சோ அடி, அப்புறம் கோஸ்மா அடி. 9-7, தோற்றோம். அந்த மனிதர் கையை இறக்கவே இல்லை. போன் பாட்டுக்குப் பதிவாகிக்கொண்டே இருந்தது, சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டே இருந்தது, 45 ஆயிரம் பேர் கூடின இடத்தில் யாரோ பாப்கார்ன் பையை நசுக்கும் சத்தம் கேட்டது.

அந்த வருடம்தான் ஸ்ட்ராஸ்பர்க்கை 159 இன்னிங்ஸோடு செப்டம்பரிலேயே உட்கார வைத்தார்கள், கையைக் காப்பாற்றுகிறோம் என்று. கை எவ்வளவு நாள் காப்பாற்றப்பட்டது என்று பார்த்தோம்.

ராக்வில் ராஜா:

அக்கா, ஸ்ட்ராஸ்பர்க் விஷயத்தில் நான் உங்களோடு இல்லை. முழங்கையில் டாமி ஜான் ஆபரேஷன் முடிந்து வந்த பையன். 2019 உலகத் தொடரில் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்து சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினானே, அந்தக் கை எங்கிருந்து வந்தது? சரி, அதை விடுங்கள்.

எனக்கு 2014 அக்டோபர் 4. ஜயன்ட்ஸுடன் பிளேஆஃப். நம் ஜோர்டன் ஜிம்மர்மன் அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர் போட்டிருந்தார், நினைவிருக்கும். நாம் 1-0 முன்னால், ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேனிக்குக்கு ஒரு வாக். 100 பந்து. மேனேஜர் மேட் வில்லியம்ஸ் டக்அவுட்டை (அணி உட்காரும் இடம்) விட்டு ஏறி வருகிறார். பேசிவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தோம். கையை நீட்டினார். ஜிம்மர்மன் பந்தைக் கொடுத்த அந்த விநாடிதான் எனக்கு. முகத்தில் ஒன்றுமே இல்லை, கடையில் சில்லறை கொடுப்பது மாதிரிக் கொடுத்துவிட்டு நடந்தார். மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது, நானும்தான் தட்டினேன், தட்டிக்கொண்டே என் மனைவியிடம் "இது நல்லதுக்கில்லை" என்றேன். ஸ்டோரன் வந்தார். போஸி அடித்தார், சாண்டவால் அடித்தார், 1-1. அப்புறம் 18வது இன்னிங்ஸ் வரை குளிரில் நடுங்கி, பெல்ட்டின் ஹோம் ரன்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம். 6 மணி 23 நிமிடம். ஸ்டோரன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அந்த நீட்டிய கை மேல்தான்.

எண்கணக்கு ஏகாம்பரம்:

நான் 2015 செப்டம்பர் 27 ஆட்டத்துக்குப் போயிருந்தேன், டக்அவுட்டில் நம் பிட்சர் பேபல்போன் நம் பேட்டர் ஹார்ப்பரின் கழுத்தைப் பிடித்த அன்று. அதை முடித்துவிட்டு அதே ஆள் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் மவுண்டுக்கு வந்தான். எல்லாரும் 'பூ' என்று கத்தினார்கள். 12-5, தோற்றோம். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே எல்லாரும் ஒரு தப்புச் செய்கிறீர்கள். பிட்சரை ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் எழுதப்படும் சராசரி ரன்) வைத்து எடை போடாதீர்கள். கார்பினுக்கு 2022ல் 6.31, 6 வெற்றி 19 தோல்வி, சரி. ஆனால் பின்னால் நின்றவர்கள் யார்? எட்டிப் பிடிக்க வேண்டிய பந்தை எட்டாமலே விட்டால் அது பெரும்பாலும் எரர், அதாவது அவர்கள் பிழை, என்றுகூட எழுதப்படாது, ஹிட் என்றுதான் போகும், அது பிட்சர் தலையில்தான் விடியும். எனவே முதலில் ஸ்ட்ரைக்அவுட்டை, பேட்டரைப் பிட்சரே அவுட்டாக்கிய கணக்கைப் பாருங்கள். 2019ல் 238 எடுத்தவர், 2022ல் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். அதுதான் உண்மையான வியாதி. பேட்டர்கள் ஸ்லைடரைத் துரத்துவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டே பந்தை நம்பிப் பிழைக்கும் பிட்சருக்கு அதில் ஒன்று போய்விட்டால் என்ன மிஞ்சும்? சாம்பாரும் ரசமும் மட்டும் தெரிந்த சமையல்காரருக்குப் புளி தீர்ந்த கதை.

இரண்டாவது, மைதானத்துக்குப் போகும் முன் அன்றைய பிட்சர் யார் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள் கார்த்தி, ஐந்து பேர் சுழற்சியில் வருவார்கள், விரல் விட்டு எண்ணினாலே தெரிந்துவிடும். மூன்றாவது, மேல் அடுக்கில் உட்கார்ந்தால் ஸ்லைடர் வளைவது தெரியாது, ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் உட்காருங்கள். நான்காவது, வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள், எதற்கு அங்கே காசைக் கொட்டுகிறீர்கள், புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஐந்தாவது, வயதான அப்பாவை ஜூலை வெயிலில் பகல் ஆட்டத்துக்கு அழைத்துப்போகவே கூடாது, வாஷிங்டன் புழுக்கம் சென்னையை விட மோசம். கடைசியாக, கத்தாதீர்கள். கத்துவதால் ஒரு பிட்சரும் தேறியதாகச் சரித்திரமில்லை. ரத்த அழுத்தம்தான் ஏறும். நான் வீட்டில் சத்தத்தை நிறுத்திவிட்டு, நோட்டில் ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டு பார்க்கிறேன், நிம்மதியாக இருக்கிறது.

வியன்னா வித்யா:

ஏகாம்பரம் சார், கார்த்தி கேட்டது அனுபவத்தை. நீங்கள் புளியோதரை வரை போய்விட்டீர்கள். ஆட்டம் பகலில் நடந்தது என்று அவர் எங்கே எழுதினார்? கழுத்தைப் பிடித்த ஆளையே திரும்ப அனுப்பியது யார், ஏன், அதை எழுதுங்கள் சார். அந்த ஜூலையில்தானே, ஸ்டோரன் கடைசி இன்னிங்ஸை ஒழுங்காக முடித்துக்கொண்டிருந்தபோது, பேபல்போனைக் கொண்டுவந்து அவர் இடத்தில் வைத்தார்கள்? மனசு உடைந்த ஸ்டோரன் செப்டம்பரில் லாக்கரை ஓங்கிச் சாத்திக் கட்டைவிரலை உடைத்துக்கொண்டார். பிட்சரை இப்படியும் கெடுக்கலாம் என்று அந்த வருடம் பாடமே நடத்தினார்கள்.

எண்கணக்கு ஏகாம்பரம்:

ஜூலை என்றாலே பகல்தான் என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கவும். மேட் வில்லியம்ஸ் அப்புறம் சொன்னது, நடந்தது எவ்வளவு பெரிய தகராறு என்று தனக்கு அப்போது தெரியாது என்பது. டக்அவுட்டின் இன்னொரு முனையில் நின்றாராம். டிவியில் நாடே பார்த்தது. சீசன் முடிந்த கையோடு அவர் வேலை போனது. ஆனால் புளியோதரை விஷயத்தில் நான் சொன்னது சரி.

ஸ்டெர்லிங் செல்வி:

கார்பின் பெயரைப் பார்த்ததால் எழுதுகிறேன், இல்லையென்றால் இந்தப் பக்கம் வருவதே இல்லை. நீங்கள் யாரும் 2022 ஆகஸ்ட் 28 பற்றிச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் 43 ஆட்டம் நம்முடைய தொடக்கப் பிட்சர் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை, லீக் வரலாற்றிலேயே இப்படி நடந்ததில்லை. ரெட்ஸ் வந்திருந்தார்கள். மகள் அடம்பிடித்ததால் போனோம், அவளுக்கு ஆட்டம் முக்கியமில்லை, பெரிய தலை மாட்டிய ஜனாதிபதி வேஷக்காரர்கள் ஆட்டத்தின் நடுவில் ஓடுவதைப் பார்க்க வேண்டும். கார்பின் ஆறு இன்னிங்ஸ் போட்டார். ஆறாவது முடிந்து டக்அவுட்டுக்கு நடக்கும்போது கைதட்டல் வந்தது பாருங்கள், அரைவாசி கிண்டல், அரைவாசி நிஜம், எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றவில்லை. தலையைக் குனிந்தபடி போனார். "ஏம்மா அந்த அங்கிளைத் திட்டுறாங்களா, பாராட்டுறாங்களா?" என்று மகள் கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். 3-2 ஜெயித்தோம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கார்பின் வருடத்துக்கு 31, 32 ஆட்டம் தவறாமல் வந்து நின்றார். அடி வாங்குவோம் என்று தெரிந்தே. ஸ்ட்ராஸ்பர்க்கை நான் குறை சொல்லவில்லை, அது உடம்பு. ஆனால் எட்டு ஆட்டம் போட்டவரிடம் யாரும் கத்தவில்லை, வந்து நின்றவரிடம்தான் கத்தினோம்.

ராக்வில் ராஜா:

செல்வி, வந்து நின்றதற்கா 140 மில்லியன்? ஆபீஸுக்குத் தினமும் வருகிறேன் என்று என் மேனேஜர் எனக்குச் சம்பளம் ஏற்றுவாரா? 2021ல் 16 தோல்வி, 2022ல் 19 தோல்வி. நன்றாகப் போடும் இளம் பையன் யாராவது இருந்திருந்தால் இவர் இடத்தில் வளர்ந்திருப்பான். கொடுத்த பணம் வீணாகக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள், அது கார்பின் மேல் வைத்த அன்பு இல்லை.

ஸ்டெர்லிங் செல்வி:

இளம் பையன் இல்லை என்பதுதான் அண்ணா பிரச்சினையே. ஷெர்சரையும் டிரே டர்னரையும் 2021லேயே டாட்ஜர்ஸுக்கு அனுப்பியாகிவிட்டது. வேறு யார் போடுவார்கள், ஜனாதிபதிகளா?

கிரீன்லைன் கார்த்தி:

எல்லாருக்கும் நன்றி, ஏகாம்பரம் சாருக்கும். செல்வி எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு ஊருக்குப் போன் போட்டேன். 2025 ஜூலையில் மேனேஜர் டேவ் மார்டினெஸையும் ஜெனரல் மேனேஜர் ரிஸோவையும் ஒரே நாளில் நீக்கினார்கள் இல்லையா, அதை அப்போதே சொல்லியிருந்தேன். அவருக்கு ரிஸோ யார் என்று நினைவில்லை. "அந்த அடி வாங்கின பையன் என்ன ஆனான்?" என்று மட்டும் கேட்டார். டெக்ஸஸுக்குப் போய்விட்டான், அங்கே பரவாயில்லாமல் போட்டான் என்றேன். "அங்கே நடுவுல மாத்தி விடுறாங்களா?" என்றார்.

அந்தப் பாட்டியை அப்புறம் இரண்டு மூன்று தடவை அதே பகுதியில் தேடினேன். 46 போட்ட ஜெர்சி ஒன்றிரண்டு தெரிந்தது. அவர் இல்லை.