அப்கிரேடு முடிந்தது, லைப்ரரியைக் காணோம்: உங்களுக்கும் நடந்ததா?

சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் லினக்ஸ் சர்வரை உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு ஏற்றினேன். ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. கடைசியில், பயன்படாத பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்று கேட்டது. நீளமான பட்டியல், தூக்கக் கலக்கம், படிக்காமல் 'ஒய்' தட்டிவிட்டேன்.

ரீபூட் ஆனதும் பில்லிங் புரோகிராம் மட்டும் எழவில்லை. 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1' என்ற லைப்ரரிக் கோப்பு (பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்) இல்லை என்று ஒரே புலம்பல். அது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.1 பதிப்பு; 22.04-இல் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 3. எங்கள் பில்லிங் 1.1-ஐ நம்பி கம்பைல் ஆனது. நான் நீக்கச் சொன்ன பட்டியலில் அதுவும் இருந்திருக்கிறது.

அப்புறம் செய்ததுதான் அசட்டுத்தனம். 3-ஆம் பதிப்பின் கோப்புக்கு 1.1 என்று பெயர் வைத்து ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டேன். பிழைச் செய்தி மாறியதே தவிர புரோகிராம் ஓடவில்லை. கோப்பைத் திறந்துவிட்டது, ஆனால் உள்ளே 'ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0' என்ற பதிப்புக் குறியீடு இல்லையாம். வாசலில் பெயர்ப் பலகையை மாற்றினால் உள்ளே இருக்கிற ஆள் மாறிவிடுவாரா?

ஒரு புரோகிராமுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் 'எல்டிடி' கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டு வரிகளில் 'நாட் ஃபவுண்ட்': லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ. இரண்டையும் பேக்கப்பிலிருந்து எடுத்து, பில்லிங்கின் சொந்த ஃபோல்டரிலேயே வைத்தேன். அந்த சர்வீஸுக்கு மட்டும், லைப்ரரியை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் கொடுத்தேன். சிஸ்டத்தின் பொது லைப்ரரி ஃபோல்டரைத் தொடவில்லை. விடிவதற்குள் பில் அடித்தது. ஆனால் 1.1.1-க்கு 2023 செப்டம்பரோடு ஆதரவு நின்றுபோனது. அதனால் புரோகிராம் எழுதியவர்களை நச்சரித்து 3-க்கான பதிப்பை வாங்கிய பிறகுதான் நிம்மதி.

*

எனக்கு விண்டோஸில் நடந்தது. அங்கே லைப்ரரிக் கோப்புக்கு டிஎல்எல் என்று பெயர். ஒரு கடையில் கணக்கு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு போட்டதும் 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல்' இல்லை என்றது. கடைப் பையன் ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கி ஒட்டியிருக்கிறான். உடனே 0xc000007b என்று வேறு பிழை.

மென்பொருள் 32 பிட், அவன் ஒட்டியது 64 பிட் கோப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட்டுக்கு இடம் 'சிஸ்வாவ்64'. பெயர் வைத்த மகராசன் யாரோ! ஒட்டியதை அழித்துவிட்டு, அந்தக் கோப்பு அடங்கிய, மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளில் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் நிறுவினேன். பத்து நிமிட வேலை. அந்தத் தளத்துக் கோப்பில் வேறு என்ன ஒட்டிக்கொண்டு வந்ததோ என்று வைரஸ் ஸ்கேன் ஓட்டத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

*

மேலே சிம்லிங்க் போட்ட அண்ணனுக்கு: நான் உங்களுக்கும் ஒரு படி மேலே.

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் 18-ஐப் போட்டேன். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான 'ஜிலிப்சி 2.28' வேண்டும் என்றது. அங்கே இருப்பது 2.17. புதியதை கம்பைல் செய்து இணைக்கலாம் என்று புரோகிராம்கள் எல்லாம் அதைத் தேடும் 'லிப்சி.எஸ்ஓ.6' லிங்கை அழித்தேன். அடுத்து, புது லிங்க் போட 'எல்என்' அடித்தால் அதுவே ஓடவில்லை, அதற்கும் லிப்சி வேண்டுமே! எல்எஸ், சிபி, சூடோ என்று அன்றாடக் கட்டளைகள் எல்லாம் போச்சு. 'சிடி', 'எக்கோ' மட்டும், கட்டளை வாங்கும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பதால் பதில் சொன்னது. வேறு டெர்மினலில், தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்ஹெச் போட்டால் உள்ளேயே விடவில்லை. ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) திறந்து வைத்திருந்த ஒரே ஜன்னலை மூடிவிடுவேனோ என்று மவுஸைத் தொடவே கை கூசியது.

காப்பாற்றியது 'எஸ்எல்என்'. ஜிலிப்சியோடு வரும் சின்ன நிரல், எந்த லைப்ரரியையும் நம்பாமல் தனியாக ஓடும். அதை வைத்துப் பழைய 'லிப்சி-2.17.எஸ்ஓ'-வுக்கே லிங்கைத் திருப்பினேன். எல்எஸ் அடித்தேன், ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. 2.17-இலேயே ஓடுகிற நோட் 16-ஐப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.