எக்ஸ்வி6-ல் ஷெட்யூலர் மாற்றிப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைப் போடுங்கள்

காட்பாடி லேப்காரன்:
காட்பாடி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) லேப் பார்த்துக்கொள்கிறேன். இந்த செமஸ்டர் எக்ஸ்வி6-ன் ஷெட்யூலரில், அதாவது அடுத்து எது சிபியுவில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதியில், புதுப் பாலிசி சேர்க்கிற வேலை கொடுத்திருக்கிறோம். தெரியாதவர்களுக்கு, 1975-ல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பை ஒட்டி எம்ஐடியில் 2006-ல் பாடம் நடத்த எழுதிய குட்டி ஓஎஸ் இது, முதலில் இன்டெல் சிப்புக்கு, இப்போது ரிஸ்க்-ஃபைவுக்கு. ஓடும் புரோகிராம்களை, அதாவது பிராசஸ்களைக் குறித்து வைக்கும் பிராசஸ் டேபிளில் 64 இடம்தான். ஷெட்யூலர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஓடத் தயாராக இருப்பதை எடுத்து ஓட்டும், டைமர் அடித்தால் ஓடுவது ஈல்ட் ஆகி, அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்து, அடுத்தது வரும். அவ்வளவுதான் ரவுண்ட் ராபின்.

பையன்கள் முதலில் எஃப்சிஎஃப்எஸ் போட்டார்கள், முதலில் வந்தவன் முடிக்கும்வரை அடுத்தவனுக்கு இடமில்லை. டைமரில் இருந்த ஈல்டை எடுத்துவிட்டு, ஒரே சிபியுவில், சும்மா லூப்பில் சுற்றும் ஒரு புரோகிராமைப் பின்னணியில் ஓட்டினார்கள். ஒரு பொண்ணு கூப்பிட்டு, "சார், ஹேங் ஆயிடுச்சு, ஆனா டைப் பண்ணா எழுத்து வருது" என்றது. பக்கத்து சிஸ்டத்துப் பையன் "இன்னாப்பா இது, பேய் புடிச்ச மாதிரி" என்கிறான். இந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம் என்பேன். எழுத்தைத் திரையில் காட்டுவது கமாண்டு வாங்கும் ஷெல் இல்லை, கீபோர்டு இன்டரப்ட் (சாவி தட்டியதும் சிபியுவுக்கு வரும் அழைப்பு) வந்ததும் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலே காட்டுகிறது. என்டர் தட்டினால் ஷெல் எழுந்துகொள்ளும், ஆனால் சிபியுவை விட்டுக்கொடுக்க ஆள் இல்லை. பிராசஸ் பட்டியலைக் காட்டும் கன்ட்ரோல்-பி அழுத்தச் சொன்னேன். அதுவும் இன்டரப்டிலேயே நடப்பதால் அப்போதும் வேலை செய்யும். லூப் புரோகிராம் 'ரன்', ஷெல் 'ரன்னபிள்' (ஓடத் தயார், ஆனால் ஓடவில்லை) என்று பட்டியல் வந்தது. பாகாயம் பக்கம் ஜெராக்ஸ் கடையில் முன்னால் நிற்பவர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை முழுசாக அஞ்சு செட் போட, ஒத்தை ஹால் டிக்கெட்டோடு பின்னால் நிற்கிறோமே, அதேதான்.

வாலாஜா வாசி:
நான் எம்டெக்கில் பிரையாரிட்டி ஷெட்யூலர் போட்டேன், முன்னுரிமை அதிகம் உள்ளது முதலில் ஓடும். சிறந்த பிராசஸைத் தேடும் கோடு பத்து வரிகூட வராது, உயிரை எடுப்பது லாக், ஒரே நேரத்தில் இரண்டு சிபியு ஒன்றைத் தொடாமல் காக்கும் பூட்டு. ரிஸ்க்-ஃபைவ் எக்ஸ்வி6-ல் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி லாக். எங்கள் பேட்சில் பலர் டேபிளைப் பார்த்து, பிடித்ததைக் குறித்துக்கொண்டு, லாக்கை விட்டுவிட்டு, அப்புறம் ஓட்டினார்கள். அந்த இடைவெளியில் இன்னொரு சிபியு அதே பிராசஸைத் தூக்கிக்கொள்ளும், அந்த பிராசஸின் ஒரே கெர்னல் ஸ்டாக்கில் (கெர்னல் அதற்காக வேலை செய்யும் நினைவிடம்) இரண்டு பேர், உடனே பானிக், கெர்னலே நின்றுபோகும். லாக்கை மறுபடி வாங்கி, இன்னும் ரன்னபிளாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கொடுமை என்னவென்றால், பாலிசி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சிபியு வேண்டும், இந்தப் பிழை தலைகாட்ட மேக்ஃபைலில் (பில்ட் செய்து ஓட்டும் ஃபைல்) ஏற்கெனவே இருக்கும் 3 சிபியுவை அப்படியே விட வேண்டும். இரண்டிலும் ஓட்டாமல் "முடிஞ்சுது" என்று யாரும் சொல்லாதீர்கள்.

ராணிப்பேட்டை டெக்கி:
லாட்டரி ஷெட்யூலர் யாரும் எழுதவில்லையா? தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்தாச்சு, கெர்னலில் மட்டும் குலுக்கல் நடக்கிறது! 1994-ல் வால்ட்ஸ்பர்கரும் வைலும் கொண்டுவந்தது. பிராசஸுக்கு டிக்கெட், ஒவ்வொரு முறையும் ரேண்டம் எண், யாருக்கு விழுகிறதோ அவர் ஓடலாம். எக்ஸ்வி6 கெர்னலில் ரேண்டம் ஃபங்ஷன் கிடையாது, நாமே எழுத வேண்டும். தூங்கும் பிராசஸின் டிக்கெட்டைக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. ஃபோர்க் ஆகும்போது, அதாவது ஒரு பிராசஸ் தன் நகலாக இன்னொன்றை உருவாக்கும்போது, அப்பாவின் டிக்கெட் பிள்ளைக்கும் போக வேண்டும், இதை விட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், பூஜ்யம் டிக்கெட்டோடு பிறந்த பிராசஸ் கடைசிவரை ஓடாது. 30, 20, 10 என்று கொடுத்தால் 3:2:1 உடனே வராது. கொஞ்ச நேரம் தாறுமாறாகத்தான் இருக்கும், விட்டு வைத்தால் படியும்.

குடியாத்தம் மாணவன்:
சார், எனக்கு எம்எல்எஃப்கியூ, பல முன்னுரிமை வரிசைகள் வைத்து, அதிக நேரம் ஓடுவதைக் கீழ் வரிசைக்கு இறக்கும் ஷெட்யூலர். டெஸ்ட் புரோகிராம் ஒன்று டைம் ஸ்லைஸ் (ஒரு முறை ஓடக் கிடைக்கும் நேரம்) முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தூங்கிவிட்டு எழுந்து, மேல் வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைப் பட்டினி போடுகிறது. வழி இருக்கிறதா?

காட்பாடி லேப்காரன்:
இருக்கு தம்பி. தூங்கி எழுந்ததும் கணக்கைப் பூஜ்யமாக்காதே. அந்த வரிசையில் மொத்தம் எவ்வளவு டைமர் டிக் எடுத்தது என்று சேர்த்துக்கொண்டே வா, ஒதுக்கீடு தீர்ந்ததும் கீழே இறக்கு. குறிப்பிட்ட இடைவெளியில் எல்லாரையும் மேல் வரிசைக்கு ஏற்றிவிடு, கீழே கிடப்பவனும் பிழைப்பான். அப்புறம், ஷெட்யூலருக்குள் பிரின்ட் போட்டு அளக்காதே, அந்தப் பிரின்டே நேரத்தைத் தின்னும். எண்ணிக்கையைப் பிராசஸின் விவரம் இருக்கும் ஸ்ட்ரக்ட்டிலேயே வைத்து, ஒரு சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலைக் கேட்கும் வழி) எழுதிக் கடைசியில் வாங்கிக்கொள். கிராஃப் வந்ததும் இங்கேயே போடு, எது எப்போது இறங்குகிறது என்று பார்ப்போம்.