ப்ரீகோடிங் மாறும் எல்லைகளில் சேனல் மதிப்பீடு பிசகுவது ஏன்?

கேள்வி

வணக்கம். 5ஜி என்ஆர் டவுன்லிங்க் (பேஸ் ஸ்டேஷனிலிருந்து பயனருக்கு வரும் இணைப்பு) ரிசீவருக்கான சிமுலேஷன் ஒன்றை முதுநிலைத் திட்டப்பணிக்காக எழுதி வருகிறேன். சப்கேரியர் (பட்டையைப் பிரிக்கும் சிறு அலைவரிசைக் கூறு) இடைவெளி 30 கிலோஹெர்ட்ஸ், பட்டை அகலம் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது 273 ரிசோர்ஸ் பிளாக்குகள் (ஒவ்வொன்றிலும் 12 சப்கேரியர்கள்). பேஸ் ஸ்டேஷன் நான்கு பிளாக்குகளுக்கு ஒருமுறை சேனல் அணியை (ஆன்டெனாக்களுக்கு இடையே சிக்னல் எப்படி மாறுகிறது என்று காட்டும் அணி) எஸ்விடி (சிங்குலர் மதிப்புப் பிரிப்பு) முறையில் பிரித்து, அதில் கிடைக்கும் முதல் வெக்டரை ப்ரீகோடராக, அதாவது அனுப்பும் ஆன்டெனாக்களுக்கான எடைகளாக, பயன்படுத்துகிறது. லேயர் (ஒரே நேரத்தில் அனுப்பும் தரவு ஓடை) ஒன்றுதான்; சேனலை மதிப்பிட உதவும், ரிசீவருக்கு முன்பே தெரிந்த குறிகளான பைலட்டுகள் டிஎம்ஆர்எஸ் வகை 1.

ப்ரீகோடிங் இல்லாமல் ஓட்டும்போது மதிப்பீடு நன்றாகவே இருக்கிறது. ப்ரீகோடிங்கைச் சேர்த்ததும், சப்கேரியர் வாரியாக வரைந்த பிழை வரைபடத்தில் சீரான இடைவெளியில் முட்கள் எழுகின்றன. எஸ்என்ஆரை (சிக்னல்-இரைச்சல் விகிதம்) எவ்வளவு உயர்த்தினாலும் அவை தாழ்வதில்லை. நேர்கோட்டு இடைக்கணிப்பை விட்டுவிட்டு, ஐஎஃப்எஃப்டி எடுத்து (காலத்தளத்துக்கு மாற்றி) சைக்ளிக் ப்ரீஃபிக்ஸ் (ஒவ்வொரு சிம்பலின் முன்னும் சேர்க்கும் அதன் வாலின் நகல்) நீளத்துக்கு அப்பால் உள்ளதை வெட்டும் முறையை முயன்றேன். முட்கள் மறையும் என்று எதிர்பார்த்தேன். பட்டை முழுவதும் பிழை கூடிவிட்டது. எங்கே தவறுகிறேன் என்று விளக்க முடியுமா?

பதில் 1

உங்கள் முட்கள் 48 சப்கேரியர்களுக்கு ஒருமுறை வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நான்கு பிளாக்குகள் என்றால் 48 சப்கேரியர்கள். ப்ரீகோடர் மாறுவதும் அங்கேதான்.

ரிசீவருக்குத் தெரிவது வெறும் சேனல் அன்று, சேனலும் ப்ரீகோடரும் பெருகிய கூட்டுச் சேனல். டிஎம்ஆர்எஸ் பைலட்டுகளும் தரவோடு சேர்ந்தே ப்ரீகோடிங் செய்யப்படுவதால், ப்ரீகோடரைத் தனியாக அறிய வேண்டிய தேவை ரிசீவருக்கு இல்லை. அது பெரிய வசதி. அந்த வசதிக்கு விலையும் உண்டு: உண்மையான சேனல் எவ்வளவு மென்மையாக மாறினாலும், ப்ரீகோடர் மாறும் இடத்தில் கூட்டுச் சேனல் திடீரெனத் தாவும். ஒரே ப்ரீகோடரைப் பகிரும் நான்கு பிளாக் குழு ஒன்றின் சப்கேரியர்களை 0 முதல் 47 வரை எண்ணினால், வகை 1 பைலட்டுகள் 0, 2, 4 என்று 46 வரை அமர்கின்றன. 47ஆம் சப்கேரியரை நிரப்ப உங்கள் இடைக்கணிப்பு 46ஐயும் அடுத்த குழுவின் முதல் பைலட்டையும் சராசரி எடுக்கிறது. அவை இரண்டும் வெவ்வேறு ப்ரீகோடர்களைக் கடந்து வந்தவை. இது இரைச்சலால் வரும் பிழை அன்று. அதனால்தான் எஸ்என்ஆரை உயர்த்தியும் பயனில்லை.

ஐஎஃப்எஃப்டி முறை மோசமானதற்கும் இதுவே காரணம். அலைவரிசைத் தளத்தில் தாவல்கள் இருந்தால், காலத்தளத்தில் ஆற்றல் சைக்ளிக் ப்ரீஃபிக்ஸுக்கு வெகு அப்பாலும் சிதறும். நீங்கள் இரைச்சல் என்று வெட்டி எறிந்ததில் கூட்டுச் சேனலின் ஒரு பங்கும் போய்விட்டது.

இந்தக் குழுவுக்கு, மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபியின் தரம் 38.214 வைத்திருக்கும் பெயர் பிஆர்ஜி (ப்ரீகோடிங் ரிசோர்ஸ் பிளாக் குரூப்). அதன் அளவு 2 பிளாக், 4 பிளாக் அல்லது வைட்பேண்ட் (ஒதுக்கீடு முழுவதும்); ஒரு குழுவுக்குள் ப்ரீகோடர் மாறாது என்று ரிசீவர் கொள்ளலாம், எல்லை தாண்டி அப்படிக் கொள்ளக் கூடாது. ஆகவே ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள். குழுவில் 24 பைலட்டுகளே இருப்பதால் நேர்கோட்டு முறை ஓரங்களில் தடுமாறும். வீனர் ஃபில்டரே (சேனலின் புள்ளியியலைக் கொண்டு சராசரிப் பிழையைக் குறைக்கும் ஃபில்டர்) பொருத்தம். குழுவுக்குள் ப்ரீகோடர் நிலையானது என்பதால் கூட்டுச் சேனலில் புதிய தாமதங்கள் எவையும் தோன்றுவதில்லை, பாதைகளின் வலிமைகள்தான் மாறுகின்றன. எனவே டிராக்கிங் சிக்னலான டிஆர்எஸ்ஸிலிருந்து அளந்த தாமதப் பரவலை (வெவ்வேறு பாதைகளில் வரும் சிக்னல்களின் நேர விரிவு) கொண்டே ஃபில்டரை அமைக்கலாம். எஸ்என்ஆர் நிலைகள் சிலவற்றுக்கு 48க்கு 24 அளவிலான கெழுக்களை முன்கூட்டியே கணித்து வைத்தால், ஓடும்போது வெறும் பெருக்கல் மட்டுமே மிஞ்சும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. முட்கள் 48க்கு ஒருமுறையே வருகின்றன. குழுவாரியாக வீனர் ஃபில்டர் வைத்ததும் அவை மறைந்துவிட்டன. ஆனால் பட்டையின் கடைசிப் பிளாக்கில் மட்டும் பிழை இன்னும் தனித்து உயர்ந்து நிற்கிறது. 24 பைலட்டு ஃபில்டரையே அங்கும் பயன்படுத்தினேன்.

பதில் 2

273ஐ நான்கால் வகுத்தால் 68 முழுக் குழுக்கள் போக ஒரு பிளாக் மீதி. உங்கள் கடைசிக் குழுவில் இருப்பது அந்த ஒரே பிளாக்கும் ஆறு பைலட்டுகளும்தான். அதன்மேல் 24 பைலட்டு ஃபில்டரைப் பொருத்தினால் முந்தைய குழுவின் பைலட்டுகளும் உள்ளே வந்துவிடும். ஆறுக்கென்று தனிக் கெழுக்கள் வேண்டும். அதன் பிறகும் அங்கே பிழை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். பயனர் மெதுவாக நகர்கிறார் என்றால், அதே ஸ்லாட்டில் (நேரத்துண்டு) உள்ள கூடுதல் டிஎம்ஆர்எஸ் சிம்பல்களையும் சேர்த்துக்கொள்வது கைகொடுக்கும். இன்னொன்று: குழு எல்லைகள் பட்டைப்பகுதியின் (பயனருக்கு அமைத்துத் தரும் பட்டைத் துண்டு) தொடக்கத்திலிருந்து அல்ல, எல்லாப் பட்டைப்பகுதிகளுக்கும் பொதுவான எண்ணிக்கையின் தொடக்கமான பொது ரிசோர்ஸ் பிளாக் 0இலிருந்து எண்ணப்படுகின்றன. பட்டைப்பகுதி 10ஆம் பிளாக்கில் தொடங்கினால் முதல் குழுவில் இரண்டு பிளாக்குகளே இருக்கும். இதைக் கவனிக்காமல் எல்லா எல்லைகளையும் இரண்டு பிளாக் தள்ளி வைத்துவிட்டு, பிழை ஃபில்டரில் இருக்கிறது என்று நான் நெடுநாள் தேடியிருக்கிறேன்.

பதில் 3

அனுப்பும் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். எஸ்விடி தரும் வெக்டரின் ஒட்டுமொத்தக் கட்டம் (ஃபேஸ்) தன்னிச்சையானது. எந்தக் கோணத்தில் சுழற்றினாலும் அது சரியான விடையே. ஆகவே அடுத்தடுத்த குழுக்களின் வெக்டர்கள் ஏறத்தாழ ஒரே திசையில் இருந்தாலும், நிரல் அவற்றுக்கு வெவ்வேறு கட்டங்களைத் தரக்கூடும். முந்தைய வெக்டருடனான உட்பெருக்கம் நேர்மெய்யெண் ஆகும்படி ஒவ்வொன்றையும் சுழற்றிவிட்டால் தாவலின் பெரும்பகுதி அடங்கும். இரண்டு சிங்குலர் மதிப்புகள் நெருங்கி வரும் இடங்களில் வெக்டரே வேறு திசைக்கு மாறிவிடுவதால், அங்கே இந்த வழி உதவாது.

வைஃபையில் இதே சிக்கல் ஒவ்வொரு சப்கேரியரிலும் எழலாம். அங்கே ரிசீவரிடமிருந்து பின்னூட்டமாக வரும் ப்ரீகோடிங் அணியின் கடைசி வரிசை எதிர்மமல்லாத மெய்யெண்ணாக்கப்படுகிறது. அந்த வரிசையின் மதிப்பு பூஜ்ஜியத்தை நெருங்கும் சப்கேரியர்களில் மற்ற வரிசைகளின் கட்டம் சட்டெனப் புரளும். 802.11என் தரத்தின் தலைப்பில் ஸ்மூதிங் என்று ஒரு பிட் இருப்பது, அண்டைச் சப்கேரியர்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா என்று ரிசீவருக்குச் சொல்வதற்காகத்தான். குழு எல்லை தாண்டிச் சராசரி எடுக்கலாம் என்று சொல்லும் பிட் 5ஜியில் கிடையாது. ஆகவே அனுப்பும் பக்கத்தில் நீங்கள் கட்டத்தைச் சீராக்கினாலும், ரிசீவர் நிரலில் குழு எல்லையை அப்படியே வைத்திருங்கள். களத்தில் எதிர்ப்படும் பேஸ் ஸ்டேஷன் அவ்வாறு சீராக்கியிருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.