அம்மப்பாவின் பாரமானி பழுதா?

உப்புவெளி வாசகி:
அம்மப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிய, காற்றின் அமுக்கத்தை அளக்கும் பித்தளைப் பாரமானி எங்கள் சுவரில் தொங்குகிறது. முகப்பில் 28 முதல் 31 வரை அங்குலக் கணக்கு. அதைச் சுற்றி 'ஸ்டார்மி' (புயல்), 'ரெயின்' (மழை), 'சேஞ்ச்' (மாற்றம்), 'ஃபேர்' (நல்ல வானிலை), 'வெரி டிரை' (மிக வறட்சி) என்று பொறித்திருக்கிறது. மார்கழியில் மூன்று நாள் அடைமழை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். முள் 'ஃபேர்' பக்கமே நின்றது. கச்சான் காற்று வீசி மண் வெடித்துக் கிடக்கும் ஆனியிலோ 'சேஞ்ச்' பக்கம் சற்று இறங்குகிறது. திருத்தக் கொண்டுபோன கடையில் எறிந்துவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

மணிக்கூடு திருத்துபவர்:
எறிந்துவிடாதீர்கள், பிள்ளை. முள் சரியாகத்தான் நிற்கிறது. அந்த எழுத்துகள்தாம் நம் ஊருக்குப் பொருந்தாதவை.

காற்றுக் கடலின் அடியில் அமிழ்ந்து வாழ்கிறோம் என்று 1644இல் இத்தாலிய விஞ்ஞானி தொரிசெல்லி புளோரன்ஸிலிருந்து எழுதினார். ஒரு முனை மூடிய குழாயில் இரசத்தை (பாதரசத்தை) நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தால், ஏறக்குறைய 76 சென்ரிமீற்றர், அதாவது 30 அங்குல உயரத்தில் நின்றுவிடும். அதைத் தாங்குவது வெளிக்காற்றின் பாரம். 1660களில் ஆங்கிலேய விஞ்ஞானி ஹூக் இரசத்தின்மேல் மிதவை வைத்து, நூலால் முள்ளைச் சுழலவிட்டார். வட்ட முகப்பு அப்படி வந்தது. பிறகு லண்டன் மணிக்கூட்டுக்காரர்களே பாரமானியும் செய்து விற்றார்கள். என் தொழிலின் முன்னோர் என்பதால் எனக்கு அவர்கள்மீது தனி மதிப்பு. அவர்கள் ஊரில் அமுக்கம் இறங்கினால் பெரும்பாலும் மழை, ஏறினால் வெயில், அதையே பொறித்தார்கள். இங்கே ஆனி ஆடியில் வட இந்திய நிலம் சூடேறி அமுக்கம் குறையும், மார்கழி தையில் கூடும். நம் மழையோ மார்கழியில்!

உங்களுடையது 1844இல் பிரான்சின் லூசியன் விடி உருவாக்கிய, இரசமில்லாத வகையாக இருக்கும். அப்படி ஒன்றைச் சென்ற வருடம் திறந்தேன். காற்றை அகற்றி மூடிய, வரிவரியான மெல்லிய உலோகப் பெட்டி. அது நசுங்காமல் இழுத்துப் பிடிக்க ஒரு வில். அந்த அசைவை முள்ளுக்குக் கடத்தும் சங்கிலி, தலைமயிரைவிடச் சற்றுத் தடிப்பு. கடற்காற்றில் அதன் இரண்டு கண்ணிகள் துருவேறி ஒட்டியிருந்தன. மெல்லிய தூரிகை, ஒரு துளி மணிக்கூட்டு எண்ணெய், அரை நாள் பொறுமை, விடுபட்டது.

ஒரு சோதனை செய்யுங்கள். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டிவிட்டு முள்ளைப் பாருங்கள். நம் பகுதியில் அமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். பத்து மணிக்கு உச்சம், நாலு மணிக்குத் தாழ்வு. வித்தியாசம் அங்குலத்தில் பத்தில் ஒன்று அளவே. அது தெரிந்தால் கருவி உயிரோடிருக்கிறது.

திருக்கடலூர் வாசகர்:
எங்கள் வீட்டில் கருவி இருந்ததில்லை. 1964 டிசம்பர் 22இல் எங்கள் பகுதியைத் தாக்கிய சூறாவளியை ஐயா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். புயல் வரும்போது இந்த முள் என்ன செய்யும்?

மணிக்கூடு திருத்துபவர்:
பத்து மணிக்கு ஏறவேண்டியது ஏறாது. ஏற்ற இறக்க நேரத்தை மதிக்காமல் இறங்கிக்கொண்டே போகும். அப்படிக் கண்டால் தோணியைக் கரையேற்றிவிட்டு வானிலை அறிவிப்பைக் கேளுங்கள்.

உப்புவெளி வாசகி:
நான்கு நாள் பார்த்தேன், ஐயா. காலையில் 29.85, மாலையில் தட்டியதும் ஒரு கோடு இறங்கி 29.75. நான்கு நாளும் அப்படியே. கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டேன்.