டக்... டமார்! மசில்லோடர் (குழல் வாய் வழியா மருந்தும் குண்டும் அடைக்கிற துப்பாக்கி) பவுடர், பிரைமர்ல (பவுடரைப் பத்த வைக்கிற சின்ன மூடி) சூடு பட்டவங்க சொல்லுங்க

ஓஹையோ குளிர்:
ஜனவரி மசில்லோடர் சீசன், கடைசி நாள் சாயங்காலம். 50 கேலிபர் இன்லைன் (பிரைமர் பவுடருக்கு நேர் பின்னால இருக்கிற ரகம்), பிளாக்ஹார்ன் 209 பவுடர், அளவுக்குழாயில 100 கிரெய்ன். 40 கஜத்துல பெட்டை மான். அழுத்தினேன். "டக்". அவ்வளவுதான். மான் தலையத் தூக்கி என்னையே பாக்குது. நமத்துப்போன பட்டாசுன்னு நெனச்சு குழலை இறக்கினேன். இடப்பக்கம் பையன் உக்காந்திருக்கான், 12 வயசு. குழல் அவன் பக்கமா ஒரு சாண் திரும்பியிருக்கும், "டமார்". அவன் பூட்ஸுக்கு முன்னால பனி தட்டு அகலத்துக்குப் பிளந்து கறுப்பு மண் தெரிஞ்சது. நடுவுல ஒரு விநாடி கூட இருந்திருக்காது. பத்து நாளாச்சு, அந்தக் கறுப்பு மண் கண்ணை விட்டுப் போகல. தப்பு பவுடர்லயா, பிரைமர்லயா?

ஏரிக்கரை:
எனக்கும் ஒருதடவை ஆச்சு, ஆனா ரேஞ்சுல. ஆள் யாரும் பக்கத்துல இல்ல, தப்பிச்சேன்.

உங்க பிரைமர் டப்பாவுல "மசில்லோடருக்கு"ன்னு போட்டிருந்துதா? அப்ப அதுதான். அந்த ரகம் வேணும்னே நெருப்பைக் குறைச்சு செஞ்சது. டிரிபிள் செவன்ங்கிற பவுடர் போட்டா குழலுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு வளையம் படியுமே, ரெண்டாவது குண்டு அதுல இடிச்சு நிக்குமே, அதுக்காக. பிளாக்ஹார்ன் பத்த வைக்கச் சிரமமான பவுடர். அதுக்கு ஷாட்கன் தோட்டாவுல போடற சூடான 209 ரக பிரைமர் வேணும், சிசிஐ 209எம், ஃபெடரல் 209ஏ மாதிரி. பவுடரை முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் அது கேக்கிற நெருப்பைக் குடுங்க. நம்மாளுங்க கடையில எது இருக்கோ அதை அள்ளிட்டு வந்து ஜோடி சேக்கறாங்க. பைரோடெக்ஸ் பவுடர்னா சாதா 209 போதும், ஆனா அன்னைக்கே சோப்புத் தண்ணில கழுவலேன்னா குழல் துருதான். பிளாக்ஹார்ன் துருவேத்தாது, ஆனா தண்ணிக்கும் மசியாது, சால்வென்ட்தான். லோடு பண்றதுக்கு முன்னால குழல்ல இருக்கிற எண்ணெயத் தொடைங்க. எடை போட்டு 100 கிரெய்ன் வச்சுக்கிட்டா எப்பவும் ஒரே சீரா

அரைக்கிலோ:
ஏரிக்கரை, நிறுத்துங்க சாமி! எடை போட்டு 100-ஆ? மசில்லோடர்ல கிரெய்ன்னு சொல்றது கொள்ளளவு, கறுப்பு மருந்துக்குச் சமமான அளவு. பிளாக்ஹார்ன்ல அளவுக்குழாய் 100 கிரெய்னைத் தராசுல வச்சா 70 சொச்சம்தான். உச்ச அளவு 120, அதுவே எடையில 84. நீங்க சொன்னபடி போட்டா அதையும் தாண்டிடும். எம் மச்சான் இதே தப்பைப் பண்ணினான். தோள்ல கத்திரிக்கா கலர்ல வீங்கி ஒரு வாரம் சட்டை போட முடியல. புதுசா வர்றவங்க படிக்கிற இடம், பாத்து எழுதுங்க.

சக்கிமுக்கி:
209, 209-ன்னு என்ன சண்டை? பென்சில்வேனியாவுக்கு வாங்க. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பிக்கிற சீசன்ல ஃபிளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லோட பொறியில வெடிக்கிற மசில்லோடர்) மட்டும்தான், 1974-லேர்ந்து. போன தடவை ஹெம்லாக் மரத்தடியில மூணு மணி நேரம். மான் வந்துச்சு, கல்லு மோதிச்சு, பொறி மத்தாப்பு மாதிரி கொட்டிச்சு. பொறி விழற கிண்ணியில நாலு எஃப் (ரொம்ப நைஸான) மருந்து கண்மை மாதிரி குழைஞ்சு கிடக்கு! கிளையிலேர்ந்து ஒரு பிடி பனி எப்ப விழுந்துச்சோ, நான் கவனிக்கல. விரலால தொட்டேன், மை ஒட்டிச்சு. மான் போயே போச்சு.

கொலராடோ வாசி:
எங்க ஊர்ல செப்டம்பர் மசில்லோடர் சீசன்ல பெல்லட் (அழுத்திக் கட்டியாக்கின பவுடர்) கூடாது, உதிரிப் பவுடர்தான். ஸ்கோப்பும், குண்டைச் சுத்தி வர்ற பிளாஸ்டிக் உறை சபோட்டும்கூடக் கிடையாது. மொத வருஷம் ரெண்டு டப்பா பெல்லட்டோட கூடாரத்துக்குப் போயிட்டேன். ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல கூட வந்தவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம சிரிச்சார். மறுநாள் விடிகாலை எல்க் மான் கத்துது, நான் பவுடர் வாங்க மலையிறங்கிட்டு இருக்கேன்.

ஓஹையோ குளிர்:
ஏரிக்கரை சொன்னது பாதி சரி. டப்பாவுல "மசில்லோடர்"னுதான் இருந்துச்சு. மீதி என் சோம்பேறித்தனம். குழலோட பின்பக்கத்தை அடைக்கிற பிரீச் பிளக்கைக் கழட்டிப் பாத்தா அதுல நெருப்பு போற பாதையில கரி அடைச்சு ஊசி நுழையற இடம்தான் பாக்கி. 1/8 இஞ்ச் டிரில் பிட்டைக் கையால திருகினேன், செதில் செதிலா வந்துச்சு. பிரைமர் மாத்தியாச்சு, சிசிஐ 209எம்.

பையன் மறுபடி வர்றேன்னுட்டான். இந்த ஞாயித்துக்கிழமை ரேஞ்சுல பழகினோம். "டக்"னு மட்டும் கேட்டா குழல் இலக்கைப் பாத்தபடியே இருக்கணும், 60 வரைக்கும் அவன் சத்தமா எண்ணணும். தமிழ்ல எண்ணுறான். முப்பத்தொன்பதுக்கு அப்புறம் ஐம்பதுக்குத் தாவிட்டு என் மூஞ்சியப் பாக்கிறான். திரும்ப ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்.