போனி மோட்டாருக்கு ஒரு தமிழ்ச் சொல்: கலைச்சொல் விவாதம்

முதல் மடல்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய கேட்டர்பில்லர் புல்டோசர்களைக் கிளப்புவது, பராமரிப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளட்ச், பினியன் (சிறு பற்சக்கரம்), மேக்னெட்டோ (பாட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் கருவி) போன்றவற்றை அப்படியே வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்; அவற்றை மாற்றினால் கையேடு எவருக்கும் பயன்படாது. ‘போனி மோட்டார்’ என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பெரிய டீசல் எஞ்சினோடு ஒட்டி ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின் இருக்கும். முதலில் அதைக் கையால் சுற்றி ஓட வைக்க வேண்டும். பிறகு அது டீசல் எஞ்சினைச் சுற்றும். டீசல் பற்றிக்கொண்டதும் அதன் வேலை முடிந்தது.

‘போனி’ என்றே எழுதலாம்தான். ஆனால் என் வீட்டில் படித்துப் பார்த்தவர் அதைப் ‘போணி’ என்று எடுத்துக்கொண்டு, “கடையில் முதல் விற்பனைக்கும் இந்த எஞ்சினுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டார். யோசித்தால் தொடர்பு இல்லாமலும் இல்லை. இருந்தாலும் ஒரு நல்ல சொல் கிடைத்தால் நிம்மதி. இப்போதைக்குக் ‘குட்டி எஞ்சின்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மறுமொழி 1

விலங்கை வைத்துப் பெயரிடுவதென்றால் போனிக்குத் தமிழில் சொல் உண்டு. மட்டக்குதிரை என்று அகராதிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் ‘மட்டக்குதிரைப் பொறி’ என்று எழுதினால், ‘மட்டம்’ என்ற சொல் அந்தப் பொறியைத் தரம் குறைந்ததாக்கிவிடும். போதாததற்குப் பக்கத்திலேயே ‘20 குதிரைத்திறன்’ என்று எழுத நேரும். குதிரைக்குள் குதிரை.

யாராவது ‘குதிரைக்குட்டி’ என்று தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தொல்காப்பிய மரபியலின்படி யானை, குதிரை, கழுதை ஆகியவற்றின் இளமைப் பெயர் கன்று; குட்டி அன்று. தவிரவும் போனி என்பது குதிரையின் கன்றே அன்று. முழுக்க வளர்ந்த பின்னும் குள்ளமாகவே இருக்கும் இனம் அது.

எனவே தொழிலை வைத்துப் பெயரிடுவோம். என் பரிந்துரை ‘தொடக்குபொறி’. கேட்டர்பில்லரின் அச்சிட்ட கையேடுகளே தொடக்கும் எஞ்சின் என்ற பொருள் தரும் பெயரைத்தான் பயன்படுத்தின. போனி என்பது ஓட்டுநர்களின் பேச்சில் புழங்கிய பெயர். சோவியத் டிராக்டர்களில் இருந்த அதே வகைச் சிறு எஞ்சினுக்கும் உருசிய மொழியில் தொடக்கும் எஞ்சின் என்றே பெயர். பட்டறையில் அதைப் ‘புஸ்காச்’ என்று சுருக்கிவிட்டார்கள்.

எழுத்தில் இரண்டு கவனம் வேண்டும். இது வினைத்தொகை, ஊறுகாய், ஏவுகணை போல வல்லினம் மிகாது. ‘தொடக்கப்பொறி’ என்று எழுதிவிட்டால் தொடக்கப் பள்ளி போல ஆரம்பநிலைப் பொறி என்று பொருள் திரியும். ‘துவக்குபொறி’யும் வேண்டாம், ஈழத்து வாசகருக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி.

மறுமொழி 2

முந்தைய மடலின் இலக்கணத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் நான் இலக்கணத்தை விட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு வருகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு கலைச்சொல்லைப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வேலைக்குறிப்பில் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இப்படி வரும்: “தொடக்குபொறியைத் தொடக்கிய பின், தொடக்குபொறியால் டீசல் எஞ்சினைத் தொடக்கவும்.” நாக்கு சுளுக்குவதை மன்னித்துவிடலாம். குளிரில் விரல் விறைத்து நிற்பவருக்கு எந்தத் தொடக்கம் எந்த எஞ்சினுடையது என்று தெரியாமல் போவதை மன்னிக்க முடியாது. இந்த இயந்திரத்தின் தனித்தன்மையே அதில் இரண்டு தொடக்கங்கள் இருப்பதுதான். சில போனிகளுக்குத் தனியாக மின் ஸ்டார்ட்டரும் உண்டு. அதை என்ன சொல்வது, தொடக்குபொறித் தொடக்கியா?

‘குட்டி’யும் எனக்கு ஒத்துவரவில்லை. ஜான் டியரின் 80 டீசல் டிராக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டீசல் எஞ்சினுக்குச் சிலிண்டர் இரண்டு; அதை எழுப்பும் பெட்ரோல் எஞ்சினுக்கோ நான்கு. தாயை விடக் குட்டிக்குச் சிலிண்டர் அதிகம்.

இந்தச் சிறு எஞ்சின் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். டீசலில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. காற்றை இறுக்கமாக அமுக்கும்போது எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். எஞ்சினை மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு குளிர்ந்த இரும்புக்குள் போய்விடும். வேகமாகவும் விடாமலும் சுற்ற வேண்டும். 1931இல் கேட்டர்பில்லர் வெளியிட்ட டீசல் சிக்ஸ்டியின் எஞ்சின் ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளளவு, நான்கே சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு நாலரை லிட்டர்! உள்ளே ஆயில் கூழாக உறைந்திருக்கும் காலையில் அதைச் சுற்றித் தள்ளும் பலம் அந்தக் காலத்து பாட்டரிக்கு இல்லை. மனிதக் கைக்கும் இல்லை. கையால் சுற்றக்கூடிய ஒரு சிறு பெட்ரோல் எஞ்சினை நடுவில் வைத்தார்கள்.

அது சுற்றுவதோடு நிற்பதில்லை. போனிக்கும் டீசலுக்கும் குளிர்நீர் ஒன்றே. போனி ஓட ஓட அந்த நீர் சூடேறி, டீசலின் சிலிண்டர் சுவர்களையும் சூடேற்றும். போனியின் புகைக்குழாய் டீசல் காற்றிழுக்கும் குழாயின் ஊடாகப் போவதால் உள்ளே போகும் காற்றும் வெதுவெதுப்பாகும். அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்புகோலைப் போட்டுவிட்டுச் சில நிமிடம் டீசலை வெறுமனே சுழலவிட்டால், ஆயில் பம்ப் வேலை செய்து அழுத்தமானியின் முள் எழும். டீசல் ஒருமுறைகூட வெடிப்பதற்கு முன்பே அதன் தாங்கிகளுக்கெல்லாம் எண்ணெய் போய்விடும். இன்றைய மின் ஸ்டார்ட்டர் சாவியைத் திருப்பிய சில நொடிகளில் எஞ்சினைத் தட்டி எழுப்பிவிடுகிறது. அது இந்த உபசாரம் எதையும் செய்வதில்லை. பழைய இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் பலர் போனியைக் கழற்றி எறிய மறுப்பதற்கு இதுதான் காரணம். பாட்டரி செத்துப் பத்து ஆண்டு ஆனாலும், மேக்னெட்டோவில் தீப்பொறி பறந்தால் போதும், போனி ஓடும்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் டிடி வரிசை இயந்திரங்களில் போனி கிடையாது. அங்கே டீசல் எஞ்சினே முதலில் கார்ப்பரேட்டரும் பிளக்கும் கொண்டு பெட்ரோலில் ஓடி, சூடேறியதும் டீசலுக்கு மாறும். நம் சொல் அதைக் குறிக்கக் கூடாது.

எதைச் சேர்க்க வேண்டும் என்று பார்த்தால், மின்பொறியியலிலும் ஒரு போனி மோட்டார் இருக்கிறது. ஒத்தியங்கு (சிங்க்ரனஸ்) மோட்டார் தானாகப் புறப்படாது. அதன் தண்டோடு ஒரு சிறு தூண்டல் மோட்டாரை இணைத்து, ஏறத்தாழ முழு வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகே மின்னிணைப்பைக் கொடுத்து, சிறியதை விடுவிப்பார்கள். அங்கே பெட்ரோலும் இல்லை, சூடேற்றலும் இல்லை. ஆனால் முன்னதாக ஓட்டிக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் குணம் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே ‘முன்னோட்டி’. முன்னே ஓடுபவர் முன்னோடி. முன்னதாக ஓட்டிக்கொடுப்பது முன்னோட்டி. ஓடு என்பதிலிருந்து ஓட்டு வந்தது போலத்தான். வினையாகவும் ஆளலாம்: “முள் எழும்வரை முன்னோட்டவும்.” முன்னோட்டிக் கிளட்ச், முன்னோட்டிப் பினியன் என்று அடுத்தடுத்துச் சேர்த்தாலும் தடுக்குவதில்லை. தொடக்கம் என்ற சொல்லும் அதன் சொந்த வேலைக்கு விடுதலையாகிறது: முன்னோட்டியைத் தொடக்கு, டீசலை முன்னோட்டு. குழப்பம் எங்கே?

மறுமொழி 3

சொல் நன்றாக இருக்கிறது, ஐயா. கண்ணுக்குத்தான் ஆபத்து. ‘முன்னோட்டி’யை நான் முதலில் ‘முன்னொட்டி’ என்று படித்தேன். இலக்கணத்தில் முன்னொட்டு, பின்னொட்டு எழுதிப் பழகிய கை இது. ஒரு கொம்பு வித்தியாசத்தில் எஞ்சின் இலக்கணக் குறியாகிவிடுகிறது. முன்னோடி, முன்னோட்டம் வேறு பக்கத்திலேயே நிற்கின்றன.

இன்னொன்று. ‘முன்’ என்றால் காலத்தால் முந்தியது மட்டுமா? இடத்தால் முன்பக்கம் என்றும் வரும். டிராக்டரைப் பற்றிய நூலில் ‘முன்னோட்டி’ என்று கண்டால் முன்சக்கரத்துக்கு விசை கொடுக்கும் ஏதோ ஒன்று என்று ஒருவர் எண்ண மாட்டாரா?

எனக்கு ‘உசுப்புபொறி’ பிடித்திருக்கிறது. தூங்குபவனை உசுப்புவது போல. ஆனால் உசுப்பிவிடுவது என்றால் சண்டை மூட்டுவது என்றும் ஆகிறதே என்று நானே பின்வாங்கிக்கொள்கிறேன்.

மறுமொழி 4

உசுப்புவதைப் பற்றிச் சொன்னீர்கள். அதில் உண்மை இருக்கிறது. ஈரமான காலையில் போனியே நம்மை உசுப்பிச் சண்டைக்கு இழுக்கும்.

முன்பக்கம் என்று கொள்வார்களோ என்ற அச்சம் எனக்கு இல்லை. முன்கூட்டி, முன்பணம், முன்பதிவு எல்லாம் காலத்தைத்தான் சொல்கின்றன. எவரும் முன்பணத்தைச் சட்டையின் முன்பையில் தேடுவதில்லை. முன்னொட்டுக் குழப்பம் உண்மையானது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. புல்டோசர் கையேட்டில் இலக்கணக் குறிப்பு வராது என்பது மட்டுமே ஆறுதல்.

முதல் மடல் எழுதியவரிடமிருந்து

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி வேலைக்குறிப்பில் வைத்து எழுதிப் பார்த்தேன். கீழே இருப்பது கையேட்டின் ஒரு பகுதி. உரக்கப் படித்துத் தடுக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

“ரேடியேட்டரில் நீர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். முன்னோட்டிக்குத் தனிக் குளிர்நீர் கிடையாது. டீசலில் நீர் இல்லையென்றால் முன்னோட்டியும் கருகும். முன்னோட்டிக்கு ஆயில் மட்டும் தனி. அளவுகோலை எடுத்து அளவு பார்ப்பதோடு விடாமல் முகர்ந்தும் பார்க்கவும். பெட்ரோல் வாடை அடித்தால் கார்ப்பரேட்டரிலிருந்து கசிந்து கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

முன்னோட்டிக் கிளட்சை விடுவித்து, அமுக்க நெம்புகோலைத் தளர்நிலையில் வைக்கவும். பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக் இழுத்து, கைப்பிடியைச் சுற்றவும். கட்டைவிரலும் மற்ற விரல்களும் கைப்பிடியின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் கை தப்பிவிடும். கயிற்றால் இழுக்கும் வகையாக இருந்தால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

முன்னோட்டி சீராக ஓடியதும் பினியனை ஃப்ளைவீலின் பற்களில் சேர்த்து, கிளட்சை மெல்லப் போடவும். ஆயில் அழுத்தமானியின் முள் எழும்வரை முன்னோட்டவும். பிறகு நெம்புகோலை இறுக்க நிலைக்குத் தள்ளவும். முன்னோட்டி முனகும்; அஞ்ச வேண்டாம். டீசலைத் திறந்ததும் எஞ்சின் பற்றிக்கொள்ளும். பினியன் தானாகக் கழன்றுகொள்ளும். கழன்றுகொள்ளும் கொக்கி தேய்ந்திருந்தால் டீசல் எஞ்சின் முன்னோட்டியைப் பிடித்துச் சுழற்றித் தூளாக்கிவிடும். ஆகவே கிளட்சை உடனே விடுவிக்கவும்.

கடைசியில் முன்னோட்டியைச் சட்டென்று நிறுத்தாமல், பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்பரேட்டரில் எஞ்சியிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை விடவும். மிஞ்சிய பெட்ரோல் பிசினாக உறைந்தால் அடுத்த முறை கைதான் வலிக்கும்.”

இதில் 8 முறை முன்னோட்டி என்றும் ஒரு முறை முன்னோட்டவும் என்றும் எழுதியிருக்கிறேன். எங்கும் நிற்கவில்லை. அதே பகுதியைத் தொடக்குபொறி என்று மாற்றி எழுதிப் பார்த்தபோது, மூன்றாம் பத்தியில் நானே பினியனை எந்த எஞ்சின் கழற்றுகிறது என்று ஒரு நொடி தடுமாறினேன். அதனால் முன்னோட்டியை எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும், ‘ஓட்டுநர்கள் போனி என்று அழைக்கும் முன்னோட்டி’ என்று எழுதிவிடுவேன். பட்டறையில் போனி என்றே சொல்லட்டும். அதைத் தடுக்க நான் யார்?

‘அமுக்க நெம்புகோல்’ என்று மேலே அவசரத்தில் எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. அது அமுக்குவதில்லை, அமுக்கத்தை விடுவிக்கிறது. ‘அமுக்கந்தளர்த்தி’ என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். நாளை அதைத் தனி இழையில் போடுகிறேன். வெட்டுவதற்குக் கத்தியோடு வாருங்கள்.