தொடங்க மறுத்த படிக அலையியற்றிகள்: அனுபவப் பகிர்வு

படிக அலையியற்றி என்பது குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு சீரான மின்துடிப்பைத் தரும் சுற்று. கடிகாரத்துக்காக 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம் (கைக்கடிகாரங்களில் இருக்கும் வகை) பொருத்தப்பட்ட ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகையில், மின்சாரம் கொடுத்த பின்னும் நொடிகள் நகரவே இல்லை. பலரையும் போல நானும் முதலில் படிகத்தையே சந்தேகித்து, இரண்டு முறை கழற்றி மாற்றினேன், பயனில்லை. அலைக்காட்டியின் புரோப்பைப் படிகத்தின் காலில் வைத்தபோது வெறும் நேர்கோடு தெரிந்தது. அந்த நேர்கோட்டை அப்படியே நம்பியது என் முதல் பிழை. சமிக்ஞையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து எடுக்கும் 10:1 புரோப்பே ஏறத்தாழ 10 பிக்கோஃபாரட் கொள்ளளவைச் சுற்றின்மீது ஏற்றிவிடும் என்பதால், மெல்லத் துடித்துக்கொண்டிருக்கும் அலையியற்றியைக்கூட நாம் பார்க்கும் செயலே நிறுத்திவிடக்கூடும். ஆகவே படிகத்திலிருந்து உள்ளே செல்லும் கடிகாரத் துடிப்பை வேறொரு முனை வழியாக வெளியே அனுப்பும்படி நிரலை மாற்றி, அங்கே பார்த்தேன். அங்கும் அசைவில்லை என்ற பிறகுதான், சுற்று உண்மையிலேயே தொடங்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

காரணம், படிகத்தின் இரு கால்களிலும் பொருத்தியிருந்த மின்தேக்கிகளில் இருந்தது. முன்பு செய்த 8 மெகாஹெர்ட்ஸ் சுற்றிலிருந்து 22 பிக்கோஃபாரட் மதிப்பை யோசிக்காமல் எடுத்துப் போட்டிருந்தேன். இரண்டு 22 பிக்கோஃபாரட் மின்தேக்கிகள் தொடராக அமையும்போது 11 ஆகும். செப்புத் தடங்களும் முனைகளும் தரும் 3 பிக்கோஃபாரட் அளவைச் சேர்த்தால் 14. நான் வாங்கிய படிகமோ 7 பிக்கோஃபாரட் சுமைக்கென, அதாவது கால்களுக்கிடையே மொத்தம் அவ்வளவு கொள்ளளவு இருக்கும்படி, வெட்டப்பட்டது. சுமை மாறினால் அதிர்வெண் சற்று விலகும், அவ்வளவுதான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில், படிகத்தின் இழப்பை ஈடுசெய்யச் சில்லின் உள்ளிருக்கும் மின்பெருக்கி தரும் எதிர்மின்தடை, இரு மின்தேக்கிகளின் பெருக்கற்பலனுக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இரண்டையும் இருமடங்காக்கினால் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். மெகாஹெர்ட்ஸ் படிகங்களின் தொடர் மின்தடை பெரும்பாலும் சில பத்து ஓம்களே என்பதால் அவை இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். கைக்கடிகாரப் படிகத்துக்கு அது பல்லாயிரம் ஓம். அதற்கு அந்தப் பொறுமை கிடையாது. 8.2 பிக்கோஃபாரட் பொருத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அதே மதிப்புகளுடன் செய்த இரண்டாவது பலகை, காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் மட்டும் முரண்டு பிடித்தது. படிகத்தின் கால்களுக்கிடையே படிந்திருந்த ஃப்ளக்ஸ் (சால்டரிங்கில் பயன்படும் இளக்கி) எச்சம் ஈரத்தை உறிஞ்சி மின்கசிவுப் பாதையாகிவிட்டிருந்தது. பெருக்கியின் வெளியீட்டை உள்ளீட்டோடு இணைத்து அதை நடுநிலையில் நிறுத்தும் உள் பின்னூட்ட மின்தடையே பல மெகாஓம் என்னும்போது, அதே அளவிலான கசிவு பெருக்கியின் நடுநிலையைச் சாய்க்கப் போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திய பின் தொல்லை நின்றது. இத்தகைய படிகம் நிலைபெற ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம் என்பதால், நிரலில் வைத்திருந்த காத்திருப்பு நேரத்தையும் நீட்டினேன்.

*

மேலே எழுதிய நண்பர் பலகையைக் கையால் கழுவியது நல்லதாயிற்று. மீயொலி அதிர்வால் அழுக்கை நீக்கும் தொட்டியில் போட்டு எடுத்த எனக்கு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த கைக்கடிகாரப் படிகம் நிரந்தரமாக நின்றுபோனது. உள்ளே இருப்பது இசைக்கவை வடிவில் வெட்டிய மெல்லிய குவார்ட்ஸ். அதன் அதிர்வெண்ணுக்கு அருகில் இயங்கும் தொட்டி அதை உடைத்துவிடக்கூடும். படிகமே குற்றவாளியாக இருந்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

இப்போதெல்லாம் சால்டரிங் இரும்பைத் தொடுவதற்கு முன், அலையியற்றியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரால் நேர்மின்னழுத்தத்தை அளந்துவிடுகிறேன். அலைவு இல்லாதபோதும் இரண்டும் வழங்கு மின்னழுத்தத்தின் பாதிக்கு அருகில் நின்றால், பெருக்கி விழித்திருக்கிறது. குறையை மின்தேக்கி, படிகம், தொடர் மின்தடை ஆகியவற்றில் தேடலாம். ஒன்று சுழியத்திலும் மற்றொன்று உச்சத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தால், பின்னூட்ட மின்தடை விடுபட்டிருக்கும், அல்லது அலையியற்றி நிரலில் இயக்கப்படாமலே இருக்கும். எத்தனை படிகம் மாற்றினாலும் அந்தச் சுற்று ஓடாது. 1 மெகாஓம் பின்னூட்டம் உள்ள சுற்றுகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். கைக்கடிகாரப் படிகச் சுற்றில் மீட்டரின் 10 மெகாஓமே நடுநிலையைக் கெடுத்துவிடும் என்பதால் அங்கே நான் இதை நம்புவதில்லை.

இந்த அளவீடும் கைவிட்ட ஒரு சந்தர்ப்பம் உண்டு. பழைய பலகையொன்றில் அலையியற்றியின் பெருக்கியாகப் பயன்பட்டுப் பழுதான 74எச்.சி.யு.04 என்னும் தலைகீழாக்கி (இன்வெர்ட்டர்) சில்லுக்குப் பதிலாக, ஒரே எழுத்துதானே வேறுபாடு என்று 74எச்.சி.04 பொருத்தினேன். மின்னழுத்தங்கள் ஒழுங்காக இருந்தும், சில நாள் அலைவே வராது. வந்த நாளில் படிகத்துக்குத் தொடர்பில்லாத ஏதோ அதிர்வெண்ணில் வரும். முதலாவது ஒரே பெருக்க அடுக்கு கொண்டது. மற்றதில் ஒரு வாயிலுக்குள் மூன்று அடுக்குகள் இருப்பதால் பெருக்கமும் தாமதமும் மிகுந்து, அது படிகத்தின் சொல்லைக் கேட்பதில்லை. அந்த ‘யு’ எழுத்துக்காக ஒரு வாரம் செலவிட்டேன்.

*

என் சுற்றும் தொடங்கவில்லை என்றே இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். 48 மெகாஹெர்ட்ஸ் படிகம் பொருத்திய பலகையிலிருந்து, நொடிக்கு 115200 பிட் வேகத்தில் வரவேண்டிய தொடர்நிலைத் தகவலில் பொருளற்ற குறிகள் மட்டுமே வந்தன. சலித்துப்போய்க் கணினியின் பக்கம் வேகத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தபோது, 38400இல் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்து நின்றது. சரியாக மூன்றில் ஒரு பங்கு! நான் வாங்கியிருந்தது மூன்றாம் மேற்சுரத்தில், அதாவது தன் அடிப்படை அதிர்வெண்ணின் ஏறத்தாழ மூன்று மடங்கில், இயங்கும் படிகம். அதன் அடிப்படை அதிர்வை அடக்கத் தூண்டியும் மின்தேக்கியும் கொண்ட வடிகட்டு அமைப்பு எதையும் நான் வைக்காததால், சுற்று தன் விருப்பப்படி 16 மெகாஹெர்ட்ஸ் அருகில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. தகவல் தாளில் அந்த விவரம் முதல் பக்கத்திலேயே இருந்தது.